‘காப்பிச் செடியெல்லாம் செத்துப்போயிருமா, டீச்சர்?’

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வீடு. ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலைக்கிராமத்து நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பும் என் தலையில்தான். ஏழாம் வகுப்புக்குக் காலநிலை மாற்றம் பற்றி வீடியோ போட்டுக் காட்டினேன். பனிப்பாறை உருகுவது, காடு எரிவது, ஓசோன் ஓட்டை, பிளாஸ்டிக் எல்லாம் சேர்த்துப் பெரிய சார்ட் எழுதி ஒட்டினேன். ‘வெப்பம் கூடினால் காப்பி அழிந்துவிடும்’ என்றும் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு பையனின் அப்பா வந்தார். எஸ்டேட்டில் கூலி வேலை. “காப்பிச் செடியெல்லாம் செத்துப்போயிரும், மலைய விட்டு எறங்கிரலாம்னு ராத்திரியெல்லாம் தூங்காம அழுவுறான் டீச்சர். இதையா சொல்லித் தர்றீங்க?” என்றார். கூட வந்த பெரியவர், “எங்க காலத்துலயும் மழ பொய்ச்சிருக்கு, வெயிலும் காஞ்சிருக்கு. இதுல புதுசா என்ன கண்டீங்க?” என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. வகுப்பில் ஒரு பெண், “எங்க வீட்ல வண்டியே இல்ல டீச்சர், நாங்க என்ன தப்புப் பண்ணோம்?” என்கிறாள். தலைமையாசிரியரோ, “ஜூன் 5 அன்னிக்கு நாலு கன்னு நட்டு, போட்டோ எடுத்து அனுப்பிருங்கம்மா, போதும்” என்கிறார். நான் உண்மையைச் சொல்வதா, மறைப்பதா?
— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: மறைக்க வேண்டாம் அம்மா. அந்தப் பையன் பாதி உண்மையைக் கேட்டதால் தூங்காமல் கிடக்கிறான். மீதியையும் சொல்லிவிடுங்கள். ‘வெப்பம் கூடினால் காப்பி அழிந்துவிடும்’ என்ற வாக்கியத்தில் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. அவன் அப்பா தினமும் கவாத்துக் கத்தியோடு போகிற தோட்டத்தைப் பற்றி, அவர் கையால் ஆவது ஒன்றுமில்லை என்கிற மாதிரி சொல்லியிருக்கிறீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? மூட்டை கட்டலாம் என்றுதான் சொல்வான்.

முழுசாகச் சொல்லிப் பாருங்கள். உங்கள் மலையில் வளரும் அரபிகா வகைக் காப்பி, குளிர்ச்சியில் செழிக்கும் செடி. சராசரியாக 18 முதல் 24 டிகிரிக்குள் இருந்தால் அதற்குச் சுகம். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் அதை ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வைத்துப் பார்த்ததும் இந்தக் குளிர்ச்சியை நம்பித்தான். வெப்பம் கூடக்கூட அதற்குச் சங்கடம் வரும், அது நிஜம். அதைவிட உடனடித் தொல்லை மழையின் ஒழுங்கு. மொட்டுவிட்ட செடி மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழைக்காகக் காத்திருக்கும். மழை விழுந்த எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூ மழை தள்ளிப்போனாலோ, பேருக்குத் தூறிவிட்டு ஓடிப்போனாலோ, பாதி மொட்டு அப்படியே கருகும். அடுத்த தொல்லை வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அந்த வண்டு வெயில் படுகிற தண்டாகப் பார்த்துத்தான் முட்டை வைக்கும். நிழல் மரத்தை வெட்டி வெளிச்சம் விட்ட தோட்டத்தில் அதன் ஆட்டம் அதிகம்.

இப்போது மீதிப் பாதி. நிழல் மரத்தைக் காப்பாற்றுகிறார்கள். வேரடியில் சருகு மூடாக்குப் போடுகிறார்கள். வண்டு பறக்கிற ஏப்ரல், மே மாதங்களுக்கு முன்பே துளை விழுந்த செடிகளைத் தேடிப் பிடுங்கி எரிக்கிறார்கள். தண்டின் சொரசொரப்பான பட்டையைத் தேய்த்து எடுத்து, வண்டு முட்டை வைக்க இடமில்லாமல் செய்கிறார்கள். தண்ணீர் வசதி இருப்பவர்கள் பூ மழை தவறினால் ஸ்பிரிங்க்ளர் விடுகிறார்கள். ஏற்காட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பிள்ளைகளை அழைத்துப் போகலாம். காப்பி நாளைக்கே செத்துவிடாது, தாத்தா காலத்து மாதிரி தன்பாட்டுக்குக் காய்த்துக்கொண்டும் இருக்காது. மேலே சொன்ன வேலைகளில் பாதியைப் பையனின் அப்பா இப்போதே செய்துகொண்டிருப்பார். தன் அப்பா செய்வது எதற்கென்று அவனுக்குத் தெரியட்டும். அச்சமூட்டும் செய்தியைச் சொல்கிற அதே பாடவேளையில் அதற்கு நடக்கிற வேலையையும் சொல்லிவிட வேண்டும். ‘மீதி அடுத்த வாரம்’ என்று மணியடித்துவிட்டுப் போகக் கூடாது.

வீடியோவைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு பாடத்தின் வழியாகத்தான் நீங்கள் தினமும் பள்ளிக்கே போகிறீர்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஆக, அஸ்தம்பட்டிக்கும் ஏரிக்கரைக்கும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் வர வேண்டும். உண்மையிலேயே வருகிறதா? ஒரு வெப்பமானி வாங்குங்கள். காலையில் வீட்டு நிழலில் ஒரு அளவு, பள்ளி நிழலில் ஒரு அளவு. பஸ் ஜன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள், கண்டக்டர் திட்டுவார். பள்ளியில் பிள்ளைகள் ஆளுக்கொரு வாரம் எடுக்கட்டும். வெயில் படாத இடம், தரையிலிருந்து நாலைந்து அடி உயரம், சுவரில் ஒட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. நீங்கள் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் வேறு என்பதால் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே வரும். அது ஏன் என்று பிள்ளைகளையே கேளுங்கள். நான் சொல்வதைவிட நல்ல பதில் வரும்.

ஒரு மாதம் எழுதிய பிறகு அந்தக் கேள்வியைப் போடுங்கள்: ‘ஒரு டிகிரி கூடினால் என்ன?’ பெரியவர்களுக்கே அது ஒன்றுமில்லாததாகத்தான் படும். உங்கள் பிள்ளைகளுக்கு அப்படிப் படாது. ஒரு டிகிரி என்பது சுமார் 150 மீட்டர் உயரம். சராசரியில் ஒரு டிகிரி கூடுவது, ஊரை அப்படியே தூக்கி மலைப்பாதையில் இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே இறக்கி வைத்த மாதிரி. இருபது வளைவையும் எண்ணிக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். எந்த வளைவுக்குக் கீழே காப்பித் தோட்டம் கிடையாது என்று கேட்டால் சட்டென்று சொல்வார்கள். தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு பார்த்தால் உலகச் சராசரி ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. 2024-ஆம் ஆண்டில் அது ஒன்றரையைத் தாண்டியது. ஏற்காட்டில் அப்படியே அதே அளவு ஏறியிருக்கும் என்று சொல்லிவிடாதீர்கள், ஊருக்கு ஊர் மாறும். அளவின் பொருள் புரிந்தால் போதும்.

இரண்டு பாட்டிலில் வினிகரும் சோடா மாவும் போட்டு, கரியமில வாயு உள்ள பாட்டில் சூடாகிறது என்று காட்டும் யூடியூப் சோதனை ஒன்று உண்டு. அதைச் செய்யாதீர்கள். அதில் வரும் வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள். ஒரு கெட்டிக்காரப் பிள்ளை அதைக் கண்டுபிடித்தால் நீங்கள் சொன்ன மற்றதையும் நம்பாது. அதற்குப் பதில் மார்கழி இரவைக் கேளுங்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் இரவில் குளிர் எலும்புவரை ஏறும், மேகம் மூடிய இரவில் அவ்வளவு இருக்காது. தரை வெளியே விடும் வெப்பத்தில் ஒரு பங்கை மேகம் திருப்பி அனுப்புகிறது. கரியமில வாயுவும் அதே வேலையைத்தான் செய்கிறது, கண்ணுக்குத் தெரியாமல், பகலிரவு பார்க்காமல். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த அது இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

பெரியவரிடம் வாய் அடைத்துப்போனதில் தப்பில்லை, ஏனென்றால் அவர் சொன்னது சரி. மழை பொய்த்திருக்கிறது. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் அதிகம் செத்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அவரை மறுக்கப் போனீர்களானால் நீங்கள்தான் தோற்பீர்கள், தோற்கவும் வேண்டும். அவரை வகுப்புக்குக் கூப்பிட்டு நாற்காலி போடுங்கள். எந்த வருஷம் மழை பொய்த்தது, மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது நனைந்துகொண்டு போனார்களா, எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் நின்றது, பூ மழை எந்த மாதம் வரும் என்று எதிர்பார்த்தார்கள், எல்லாவற்றையும் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். வருஷம் நினைவில்லை என்றால் யாருடைய கல்யாணத்துக்கு முன், பின் என்று கேட்டால் வந்துவிடும்.

பிறகு அதை ஒத்துப்பார்க்க வழி இருக்கிறது. பழைய எஸ்டேட்டுகளில் மழைமானி இருக்கும். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் காலையில் அளந்து நோட்டில் எழுதுவார், இஞ்ச், சென்ட் கணக்கில். நூறு சென்ட் ஒரு இஞ்ச், ஒரு இஞ்ச் 25.4 மில்லிமீட்டர். எஸ்டேட்காரர்களிடம் மரியாதையாகக் கேட்டு, பிள்ளைகளே போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வரட்டும். கணக்கு வாத்தியாருக்கும் ஒரு வாரத்துக்கு வேலை. அந்த நோட்டை விரித்து வைத்தால் பெரியவரின் கேள்விக்குப் பதில் தானாக வரும். ஒரு வருஷம் பொய்ப்பது வானிலை. காலநிலை என்று பேச முப்பது வருஷச் சராசரியாவது வேண்டும். ஒரு கெட்ட வருஷம் முன்பும் வந்தது. இப்போது நாம் பார்ப்பது சராசரியே நகர்வதை. பெரியவரின் நினைவும் எஸ்டேட் நோட்டும் ஒத்துப்போகாத இடம் வந்தால் இன்னும் நல்லது. எது சரி என்று தேடுவதுதானே அறிவியல்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் வந்து மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றதைப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். ‘அது காலநிலை மாற்றத்தால் வந்ததா?’ என்று கேட்பார்கள். ‘ஆமாம்’ என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். புயல் எப்போதும் வந்ததுதான். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக ஈரம் தாங்கும், அதனால் கொட்டும்போது அதிகமாகக் கொட்ட வாய்ப்பு கூடுகிறது. இவ்வளவுதான் சொல்ல முடியும், இவ்வளவு சொன்னால் போதும்.

உங்கள் சார்ட்டைக் கழற்றிவிடுங்கள். ஓசோன் ஓட்டை வேறு கதை. அது குளிர்பதன வாயுக்களால் வந்தது, 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு மெல்ல ஆறிவருகிறது. உலகமே சேர்ந்து ஒரு காரியத்தைச் சரிசெய்ததற்கு உதாரணமாகத் தனியாகச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குத் தெம்பு வரும். ஏரியில் சுற்றுலாக்காரர்கள் போட்டுவிட்டுப் போகும் பிளாஸ்டிக்கும், சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் போனதும் சாக்கடையாகிவிடும் திருமணிமுத்தாறும் நம் பக்கத்துக் குப்பை விவகாரம், அதற்குக் கேட்க வேண்டிய ஆள் வேறு. எல்லாவற்றையும் ஒரே சார்ட்டில் போட்டால், பாட்டில் பொறுக்கினால் வெப்பம் குறையும் என்று பிள்ளை நம்பிவிடும்.

வண்டி இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில்: ‘நீ ஒரு தப்பும் பண்ணலம்மா.’ முதலில் இதைச் சொல்லுங்கள், ‘ஆனால்’ சேர்க்காமல். இந்தியாவில் தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு. அமெரிக்காவில் அது 14 டன் அளவில். இந்தியாவின் 2 டன்னும் சராசரிதான், அவள் வீட்டுக் கணக்கு அதிலும் எவ்வளவோ கீழே. மின்விளக்கை அணைக்கச் சொல்லி அவளுக்கு உறுதிமொழி வாசிக்க வைப்பது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது. மேட்டூரில் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏன் வருகிறது, அந்த மின்சாரம் எங்கே போகிறது என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். பெரிய இடத்தில் மாற்றினால் பெரிதாகக் குறையும் என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் கழிவுநீர்க் குட்டையிலிருந்து எழும் நாற்றம் ஊருக்கே தெரியும். அதோடு சேர்ந்து எழும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பமூட்டும். பல ஆலைகள் அதை மூடிப் பிடித்து, எரிபொருளாக்கி, தங்கள் வேலைக்கே பயன்படுத்துகின்றன. ஏழாம் வகுப்புக்கு இது நன்றாகவே புரியும்.

தலைமையாசிரியரிடம் சண்டை வேண்டாம். அவருக்கு மேலிடத்துக்கு அனுப்பப் படம் வேண்டும், அவர் நிலைமை அவருக்கு. சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பதை மட்டும் தேநீர் வேளையில் காதில் போட்டுவையுங்கள். நாலு கன்றும் நடுங்கள். நாவல், பலா, அத்தி மாதிரி பறவைக்கும் ஆகிற மரமாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளை பொறுப்பு, பிள்ளைகள் வெப்ப அளவு எழுதும் நோட்டிலேயே அதற்கும் ஒரு பக்கம்.

அந்த அப்பாவை மட்டும் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். பையன் மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள். வருத்தம் தெரிவித்துவிட்டு, தண்டுத் துளைப்பான் விழுந்த செடியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பிள்ளைகளுக்கு வந்து காட்ட முடியுமா என்று கேளுங்கள். பழம் பறிப்பு மும்முரமாக இருக்கும் டிசம்பர், ஜனவரியில் கூப்பிட வேண்டாம், அவருக்கு நாள் கூலி போய்விடும். மார்ச்சில், வண்டு பறக்கத் தொடங்கும் முன், அவருக்கு வேலை இல்லாத நாளாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். துளை விழுந்த தண்டு ஒன்றை வெட்டி எடுத்துவரச் சொல்லுங்கள். வகுப்பிலேயே பிளந்து பார்த்தால் உள்ளே புழு ஓடிய பாதை அப்படியே தெரியும். தண்டை யார் பிடிப்பது என்பதில் முதல் உரிமை அவர் பையனுக்கு.