ஒரே ரவுட்டர்ல கடையையும் கிளினிக்கையும் பிரிச்சு வைக்க முடியுமா?

தென்னாப்பிரிக்கா டர்பன் நகரத்துல, சாட்ஸ்வொர்த்ல ஒரே பில்டிங், கீழ மசாலா கடை மேல கிளினிக், ஒரு ஃபைபர் லைன் ஒரு ரவுட்டர், ரெண்டையும் பாதுகாப்பா பிரிக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா பிரிக்கலாம், அதுக்குப் பேரு விஆர்எஃப் (VRF), அதாவது ஒரே ரவுட்டரைப் பல தனி ரவுட்டர் மாதிரி வேலை செய்ய வைக்கிற வசதி. எந்த பாக்கெட்டை (டேட்டா துண்டை) எந்தப் பக்கம் அனுப்பணும்னு ரவுட்டர் ஒரு ரூட்டிங் டேபிளை (வழிப் பட்டியலை) பார்த்துதான் முடிவு பண்ணும், விஆர்எஃப்ல அந்த டேபிளே ஆளுக்கு ஒண்ணு, ஒவ்வொரு போர்ட்டையோ விலானையோ (VLAN, ஒரே ஸ்விட்ச்ல தனியா பிரிச்ச நெட்வொர்க்) ஏதாவது ஒரு டேபிள்ல கட்டிடுவோம், அப்புறம் கடை கம்ப்யூட்டருக்கு கிளினிக் சர்வர் பக்கம் போற வழியே இருக்காது, ரெண்டு பேரும் 192.168.1.0ன்னு ஒரே ஐபி முகவரி வரிசையை வச்சிருந்தாக்கூட டேபிள்ல மோதாது. வெறும் விலான் மட்டும் போட்டா பத்தாதுங்க, ஃபயர்வால் தடுக்கலேன்னா ரவுட்டரே ரெண்டையும் சேர்த்து வச்சிடும். லினக்ஸ் கெர்னல்ல 2015லயே இது வந்தாச்சு, மைக்ரோடிக் கம்பெனி ரவுட்டர்லயும் இருக்கு.

ஆனா இது என்கிரிப்ஷன் கிடையாது. சிபியூ, மெமரி எல்லாம் பொதுதான், ஒரு பக்கம் லோடு ஏறினா இன்னொரு பக்கமும் ஸ்லோ ஆகும். இன்டர்நெட் லைனை ரெண்டு டேபிளுக்கும் பகிர ரூட் லீக் (ஒரு டேபிள்ல இருக்கிற வழியை இன்னொரு டேபிள்லயும் சேர்க்கிறது) பண்ணுவீங்கல்ல, ஓட்டை விழுறது பெரும்பாலும் அங்கதான், டீஃபால்ட் ரூட்டை (இன்டர்நெட்டுக்குப் போற பொது வழியை) தவிர எதையும் லீக் பண்ணாதீங்க, ஃபயர்வாலும் கண்டிப்பா போடுங்க. நோயாளி விவரம் போபியாங்கிற (POPIA) தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது, அதனால ரவுட்டரோட அட்மின் லாகினுக்கும் தனி டேபிள் வைங்க.