பிஎம்டபிள்யூ 520டி ஆட்டோமேட்டிக் கியர் ஆயில வீட்லயே மாத்தலாமா?

கேள்வி கேட்டவர் 2013 மாடல் 520டி வச்சிருக்காரு, 1,10,000 கிலோமீட்டர் ஓடிருச்சு, சர்வீஸ் சென்டர்ல கேட்டா கியர் ஆயில் லைஃப்டைம் சார் மாத்தவே வேணாம்னு சொல்றாங்களாம், நம்மளே வீட்ல மாத்தலாமானு கேக்குறாரு. என்கிட்ட இருக்குறதும் அதே வண்டிதான், செகண்ட்ஸ்ல எடுத்தது. போன வருஷம் அழகர் ஆத்துல எறங்குன மறுவாரம் நானும் என் மச்சானும் சேர்ந்து மாத்துனோம். அதுனால சொல்றேன், தாராளமா மாத்தலாம். ஆனா பழைய ஆயில எறக்குறது பெரிய வேலையில்லைங்க, புது ஆயில் சரியான அளவுல உள்ள நிக்குதானு பாக்குறதுதான் மொத்த வேலையும்.

மொதல்ல அந்த லைஃப்டைம் பேச்சு. இந்த வண்டில இருக்குறது இசட்எஃப் கம்பெனியோட 8ஹெச்பி கியர் பாக்ஸ். வண்டிய விக்கிறவங்க என்ன சொன்னாலும், கியர் பாக்ஸ செஞ்ச இசட்எஃப் 80,000ல இருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லேன்னா 8 வருஷத்துல மாத்திருங்கன்னுதான் சொல்லுது. செஞ்சவன் சொல்றதத்தான் நான் கேப்பேன். எனக்கு மதுரை கோரிப்பாளையம் சிக்னல்ல மெதுவா வந்து நிக்கும்போது கியர் 2ல இருந்து 1க்கு எறங்கறப்ப பின்னாடி யாரோ லேசா தள்ளுன மாதிரி ஒரு உதை இருந்துச்சு, அதுதான் ஆரம்பம். உங்களுக்கு அந்த மாதிரி லேசான உதைன்னா ஆயில் மாத்திப் பாக்கலாம். ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி நகரலேன்னா, இல்ல டிஸ்ப்ளேல டிரான்ஸ்மிஷன் வார்னிங் வந்திருந்தா, இத நீங்களா தொடாதீங்க, தெரிஞ்சவங்ககிட்ட ஸ்கேன் பண்ணி என்னன்னு பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க.

சாமான்: இசட்எஃப்போட லைஃப்கார்டு 8 கியர் ஆயில் 7 லிட்டர், புது பேன் (கியர் பாக்ஸுக்கு அடில ஆயில் நிக்கிற தட்டு), புது போல்ட்டுங்க. இந்த கியர் பாக்ஸ்ல பேனும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, ஃபில்டர மட்டும் தனியா மாத்த முடியாது. நல்ல கடைல எல்லாம் சேர்ந்த ஒரே செட்டாவே கெடைக்கும், அதையே வாங்கிருங்க. வெல கம்மின்னு ஊர்பேர் தெரியாத ஆயில ஊத்தாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

இப்ப எடம். கேள்விலயே வீட்லன்னு போட்டிருக்கீங்க, ஆனா வண்டி நாலு சக்கரமும் ஒரே மட்டத்துல நிக்கணும், அடில ஆள் போகணும், ரெண்டும் ஒண்ணா வேணும். முன்னாடி மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கிட்டு அளவு பாத்தீங்கன்னா அந்த அளவு பொய். வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கு அடில போறதும் உயிருக்கு ஆபத்து, நாலு பக்கமும் ஸ்டாண்டு வேணும். எங்க வீட்டு வாசல் ரோட்டுப் பக்கமா சரிஞ்சு இருக்கும், அதுனால ஒத்தக்கடைல மச்சானோட சித்தப்பா லாரி ஷெட்டுக்குக் கொண்டு போயிட்டோம், அங்க பள்ளம் இருக்கு. அங்க வேல பாக்குற மெக்கானிக் அண்ணன் செஞ்ச ஒரு காரியம் இன்னும் மனசுல நிக்குது. வண்டி பள்ளத்து மேல ஏறுனதும் பக்கத்து கட்டட வேலைல இருந்து ஒரு ரசமட்டத்த வாங்கிட்டு வந்து கதவுக்குக் கீழ இருக்குற பட்டைல வச்சுப் பாத்தாரு, குமிழி முன்பக்கமா ஓடுச்சு, ஒரு பலகையப் பின்சக்கரத்துக்குக் கீழ குடுத்து குமிழிய நடுவுக்குக் கொண்டு வந்துட்டுதான் "இப்பக் கழட்டுங்க தம்பி"ன்னாரு.

கழட்டுறப்ப மொதல்ல பக்கவாட்டுல இருக்குற ஊத்துற பிளக்கக் கழட்டிப் பாத்துருங்க. அது வரமாட்டேன்னு அடம் பிடிச்சா கீழ இருக்குற டிரெய்ன் பிளக்கத் தொடவே தொடாதீங்க, எல்லா ஆயிலையும் எறக்கிட்டு ஊத்த வழியில்லாம நிப்பீங்க. சைலன்சர் பைப்பு பக்கத்துலயே போகுது, கை சுட்டுரும், முழங்கை வரைக்கும் துணி இருக்கட்டும். எங்களுக்குப் பேனோட சேர்த்து அஞ்சு லிட்டர் கிட்ட வந்துச்சு, மிச்சம் டார்க் கன்வெர்ட்டர்லயும் (இன்ஜின் சக்திய ஆயில் வழியா கியர் பாக்ஸுக்குக் கடத்துற பாகம்) ஆயில் கூலர்லயும் நின்னுரும், அது வராது, பரவால்ல. புதுசா இருக்கறப்ப பச்சையா இருக்குற ஆயில் டிக்காஷன் மாதிரி கருத்துப்போய் வந்துச்சு. பேனுக்குள்ள காந்தம் இருக்கும், அதுல மை மாதிரி சாம்பக்கலர்ல பசை ஒட்டியிருந்தா பயப்படாதீங்க, வழக்கமான தேய்மானத்துல வர்ற மெல்லிய இரும்புத் தூளு. வெரல்ல வச்சு உரசுனா நெருநெருன்னு இரும்புத் துண்டு தட்டுப்பட்டாதான் கவலை.

புது பேன மாட்டறப்ப போல்ட்ட 10 நியூட்டன் மீட்டருக்கு மேல முறுக்கக் கூடாது. அது ரொம்பக் கொஞ்சம், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பானர்) இல்லாம கையால குத்துமதிப்பா முறுக்குனா அலுமினிய மரை பிடுங்கிக்கும், அப்பறம் ஒழுகிக்கிட்டே கெடக்கும். ஒரே பக்கமா முறுக்காம அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணுன்னு எதிரெதிரா மாத்தி மாத்திப் போங்க.

இனிமேதான் முக்கியம். இன்ஜின் ஆஃப்ல இருக்கப்பயே ஊத்துற ஓட்டை வழியா கைப்பம்புல ஆயில் ஏத்தணும், வெளிய வழிஞ்சதும் பிளக்க மூடிட்டு இன்ஜின ஸ்டார்ட் பண்ணனும். உள்ள ஒருத்தர் பெல்ட் போட்டு உக்காந்து பிரேக்க மிதிச்சபடியே ரிவர்ஸ்லயும் டிரைவ்லயும் கொஞ்ச நேரம் நிறுத்தி நிறுத்தி மாத்தி கடைசில பார்க்குக்குக் கொண்டு வரணும். இப்ப பம்ப் ஆயில இழுத்து கன்வெர்ட்டர நெரப்பிரும், கீழ மட்டம் எறங்கிரும். அதுனால இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கப்பயே பிளக்கத் திறந்து மறுபடி வழியிற வரைக்கும் ஊத்தணும், அந்த நேரம் ஆயிலோட சூடு 30ல இருந்து 50 டிகிரிக்குள்ள இருக்கணும். சூடு ஏறுனா ஆயில் விரியும், அதுனால அதுக்கு மேல போயிட்டா நீங்க பாக்குற அளவு உண்மையான அளவு இல்ல. ஓபிடி சாக்கெட்ல (ஸ்கேன் பண்ண வண்டிக்குள்ள இருக்குற சாக்கெட்) ஒரு புளூடூத் அடாப்டர் மாட்டி கியர் ஆயில் சூட்டக் காட்டுற ஆப்பப் போட்டா போன்லயே பாக்கலாம்.

நாங்க மாட்டுனது இங்கதான். மதுரைல சித்திரை வெயில் மதியம் ரெண்டு மணி, ஷெட்டு மேல தகரம், ஆயில் கேனே வெதுவெதுன்னு இருக்கு. ஸ்டார்ட் பண்ணதுமே போன்ல 44 காட்டுது, கியர் மாத்தி முடிக்கிறதுக்குள்ள 49, பிளக்குல ஆலன் கீய வைக்கறப்ப 52. உடனே இன்ஜின நிறுத்திட்டோம். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பாத்தாலும் 45ல நிக்குது, ஸ்டார்ட் பண்ணி கியர் மாத்துறதுக்குள்ள மறுபடி 50 தாண்டிரும். அப்படியே ஓட்டிட்டுப் போயிரலாம் மாப்ள, வழிய வழியத்தான ஊத்திருக்கோம்னு மச்சான் சொன்னான், நான் விடல. வண்டிய அங்கயே விட்டுட்டு பஸ்ல வீட்டுக்கு வந்துட்டோம்.

மறுநாள் காலைல அஞ்சரைக்குப் போனோம், யானைமலைக்கு மேல அப்பத்தான் வெளுக்குது. போன்ல 31. ஸ்டார்ட் பண்ணி கியரெல்லாம் மாத்தி 38ல பிளக்கத் திறந்தா ஒரு சொட்டு வரல. பம்புல ஏத்த ஏத்த முக்கா லிட்டர் கிட்ட உள்ள போச்சு, அப்பறம் வெரல் தண்டிக்கு வழிஞ்சது நூல் மாதிரி ஆகி, நூல் அறுந்து சொட்டுச் சொட்டா வர்றப்ப பிளக்க மூடிட்டோம். முந்தின நாள் அவன் பேச்சக் கேட்டு ஓட்டியிருந்தா அந்த முக்கா லிட்டர் கொறையோடதான் ஓடியிருக்கும். அதுனால மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் இருக்குறவங்க வெயில் காலத்துல இத விடியக்காலைலயே வச்சுக்கங்க, வண்டி முந்தின நாள் சாயங்காலமே எடத்துக்குப் போயிரணும்.

சிக்னல் உதை ரெண்டு வாரத்துல கொறஞ்சுருச்சு, சுத்தமா போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல் ஏறுனப்ப கியர் மாறுறது முன்ன மாதிரி இல்ல, உதை இல்லாம நைசா மாறுச்சு. பழைய ஆயில் கொஞ்சம் இன்னும் உள்ள இருக்கு, அதுனால அடுத்த தடவ 40,000 கிலோமீட்டர்லயே மாத்தலாம்னு இருக்கேன். ஓட்டுன மொத வாரம் தினமும் காலைல வண்டிக்கு அடில ஒரு அட்டையப் போட்டு சொட்டு விழுந்திருக்கானு பாருங்க.

பழைய ஆயில சாக்கடைலயோ வாய்க்கால்லயோ ஊத்திறாதீங்க, அதெல்லாம் கடைசில வைகைக்குத்தான் போகுது. வந்த கேன்லயே திரும்ப ஊத்தி மூடி எந்த லாரி ஷெட்ல குடுத்தாலும் கழிவு ஆயில் எடுக்க வர்றவங்ககிட்ட சேத்துக் குடுத்துருவாங்க, நாங்களும் அப்படித்தான் குடுத்தோம்.