இன்சுலின் ஊசி சிறுநீரகத்தைக் கெடுக்குமா?

தம்பிலுவில்லிலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: "அப்பாவுக்கு வயது 61. பதினான்கு வருடமாகச் சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறார். இரவில் இரண்டு ரொட்டிக்கு மேல் சாப்பிடுவதில்லை. அப்படியிருந்தும் காலையில் வெறும் வயிற்றில் சீனி 240 காட்டுகிறது. உடம்பும் வற்றிக்கொண்டே போகிறது. கிளினிக்கில் இன்சுலின் தொடங்கச் சொல்லிவிட்டார்கள். ஊசி போட்டால் கிட்னி போய்விடும், கதிர்காமத்துக்கு நடந்து போய் வந்த பிறகு பார்க்கலாம் என்கிறார். வீட்டில் பிரிட்ஜும் இல்லை. என்ன செய்வது?"

ஊசி தொடங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம். டயலிசிஸ் செய்துகொள்ளும் நீரிழிவு நோயாளர் பலர் அதற்கு முன்பே இன்சுலினுக்கு மாறியிருப்பார்கள் என்பதால், பார்ப்பவர்கள் இன்சுலினையே சிறுநீரகம் கெட்டதற்குக் காரணமாக்கிவிடுகிறார்கள். உண்மையில் பல ஆண்டுகளாகக் கட்டுப்படாதிருந்த சீனியும் பிரஷரும்தான் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளைச் சிதைக்கின்றன. அது தளர்ந்த பின் மெட்போமின் போன்ற குளிசைகளைத் தொடர முடியாமற்போவதால் வைத்தியர்கள் இன்சுலினுக்கு மாற்றுகிறார்கள். ஒழுகும் இடத்தில் வைத்த வாளியைக் காட்டி, இதனால்தான் கூரை ஒழுகுகிறது என்பதைப் போன்ற பேச்சு இது.

இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் சதையியில் உள்ள பீட்டா கலங்களே இன்சுலினைச் சுரக்கின்றன. சாப்பிட்டதும் குருதியில் ஏறும் குளுக்கோசைத் தசையும் கொழுப்பிழையமும் உள்ளெடுத்துக்கொள்ளச் செய்வது அதன் ஒரு வேலை. பலரும் அறியாத மற்றொரு வேலை ஈரலில் நடக்கிறது. நாம் உறங்கும்போது மூளை பட்டினி கிடக்காதிருக்க ஈரல் தானே குளுக்கோசைத் தயாரித்துக் குருதியில் விட்டுக்கொண்டிருக்கும். அது அளவுமீறாதபடி அடக்கி வைப்பது இன்சுலின்தான். அந்தக் கடிவாளம் தளர்ந்துவிட்டதால், இரண்டு ரொட்டியோடு படுத்த உங்கள் தந்தையாருக்கு விடியும்போது 240 காட்டுகிறது. இரவுச் சாப்பாட்டை இன்னும் குறைப்பதால் இது தீராது.

உடம்பு வற்றுவதும் இதனால் இருக்கக்கூடும். இன்சுலின் போதாதபோது உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து எரிக்கத் தொடங்குகிறது. இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்படும்போதே பீட்டா கலங்களின் திறனில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும் என்பது பிரித்தானியாவில் நடந்த நீண்டகால ஆய்வொன்றின் முடிவு. பதினான்கு ஆண்டுகளின் பின் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். கிளிக்லசைட் போன்ற குளிசைகள் அக்கலங்களைத் தூண்டிச் சுரக்கவைப்பவை. கலமே ஓய்ந்துவிட்டால் எதைத் தூண்டுவது? தொற்று, சத்திரசிகிச்சை போன்ற காரணங்களுக்காகத் தொடங்கிய ஊசியைப் பிறகு நிறுத்துவதுண்டு. உங்கள் தந்தையாருக்கு அது தொடர வேண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஊசியில் உண்மையாகவே அஞ்ச வேண்டியது சீனி சடுதியாகக் குறைவதுதான். கலங்கலாக இருக்கும் கலவை இன்சுலினைக் குலுக்காமல், உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கலந்து, சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு போடச் சொல்வார்கள். போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய், பூசை முடியும்வரை வெறும் வயிற்றோடு நிற்பவர்களுக்குக் கை நடுக்கமும் வியர்வையும் தடுமாற்றமும் வருகின்றன. 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். ஏறாவிட்டால் திரும்பக் கொடுங்கள், ஏறியதும் சாப்பாடு கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள்.

திறக்காத குப்பிகள் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டியவை. அவற்றை உறவினர் வீட்டுப் பிரிட்ஜில், உறையும் தட்டில் படாமல் வைக்கலாம், ஏனெனில் ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. பாவனையிலுள்ள குப்பி வெப்பநிலை 30 பாகையைத் தாண்டாத இடத்தில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் கரையோர வீடுகளின் உள்ளே பிற்பகலில் அந்த அளவைத் தாண்டிவிடுவதால், ஈரமணல் நிரப்பிய பெரிய மண்பானைக்குள் சிறிய முட்டியொன்றைப் புதைத்து, குப்பியை நீர்புகாத பையில் சுற்றி அதனுள் வைத்து, நிழலில் மூடி வையுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளித்துவந்தால் போதும்.

பாதயாத்திரை இந்த ஆண்டு வேண்டாம். நடக்கும் தசை இன்சுலின் உதவியில்லாமலேயே குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். ஊசியின் அளவே இன்னும் நிலைப்படாத ஒருவர் உகந்தையைக் கடந்து குமண, யால காட்டுவழியில் நாட்கணக்கில் நடந்தால் சீனி எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீண்டகால நீரிழிவில் பாதங்கள் மரத்துப்போவதும் உண்டு. சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வந்தாலும் தெரியாது; அதுவே புண்ணாகி விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கிளினிக்கில் பாதங்களின் உணர்ச்சியையும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பதையும், குருதியில் கிரியேற்றினின் என்ற கழிவுப்பொருளின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்தின் நிலையைப் பெறுபேறாகத் தந்தையாரே பார்த்துக்கொள்ளட்டும். பஸ்சில் கதிர்காமம் போவதற்குத் தடையில்லை. குப்பியையும் ஊசிகளையும் ஈரத்துணி சுற்றிய போத்தலொன்றில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். வெயில் படும் கண்ணாடியோரத்தில் வைக்க வேண்டாம்.