லாயல்டி உறுப்பினருக்குக் காலை உணவு இலவசம் என்கிறார்களே, செக்-இன் செய்யும்போது ஏன் இல்லை என்கிறார்கள்?

ஹோட்டல் லாயல்டி திட்டத்தில், அதாவது அடிக்கடி தங்குபவர்களுக்குப் படிப்படியாக நிலையும் புள்ளிகளும் சலுகைகளும் தரும் திட்டத்தில், கோல்டு நிலை உறுப்பினராக இருந்தும் ரிசப்ஷனில் 'உங்கள் ரேட்டில் காலை உணவு சேரவில்லை' என்று சொல்லிவிட்டார்கள், இது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்காக மாதம் நாலைந்து இரவு ஹோட்டலில் தங்குபவன் நான். பல வருடமாக இதே வாழ்க்கை. நீங்கள் நின்ற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அன்று யாராவது இதை எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றியது. அதனால் எனக்குத் தெரிந்ததை முழுதாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். 'கோல்டு' என்ற சொல்லுக்கு எல்லாத் திட்டத்திலும் ஒரே பொருள் கிடையாது. ஹில்டன் ஆனர்ஸ் திட்டத்தில் கோல்டு என்றால், அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலான பிராண்டுகளில் உங்களுக்கும் அதே அறையில் தங்கும் இன்னொருவருக்கும் காலை உணவு உண்டு. மேரியட் பான்வாய் திட்டத்திலும் கோல்டு இருக்கிறது. வருடத்துக்கு 25 இரவு தங்கினால் வரும். அதில் காலை உணவு கிடையாது. அங்கே அது 50 இரவு தங்கிப் பெறும் பிளாட்டினத்தில்தான் தொடங்குகிறது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் கார்டு பல நாடுகளில் ஹில்டன் கோல்டு, மேரியட் கோல்டு இரண்டையும் சேர்த்தே தருகிறது. கார்டு வழியாக இரண்டும் ஒரே நாளில் கைக்கு வந்தவர்கள், இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிவிடுவது ரொம்ப இயல்பு. நீங்கள் எந்தத் திட்டம் என்று எழுதவில்லை. ஆனால் உங்கள் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

மற்ற திட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். வேர்ல்ட் ஆஃப் ஹயாத்தில் 60 இரவு தங்கிப் பெறும் குளோபலிஸ்ட் நிலைக்குத்தான் இந்தச் சலுகை. ஆனால் கிடைத்துவிட்டால் இருப்பதிலேயே தாராளமானது அதுதான் என்பேன். அறையில் பதிவான இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள் வரை முழு காலை உணவு. கிளப் லவுஞ்ச், அதாவது குறிப்பிட்ட விருந்தினருக்கு மட்டுமான தனிக்கூடம், உள்ள ஹோட்டலில் அதை லவுஞ்சில் தருவார்கள், லவுஞ்ச் இல்லாத இடத்தில் உணவகத்தில். ஐஎச்ஜி ஒன் ரிவார்ட்ஸில் டைமண்ட் நிலை, அதாவது 70 இரவு. அங்கே செக்-இன் செய்யும்போது வரவேற்புப் பரிசாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், அதில் காலை உணவும் ஒன்று. புள்ளிகள் வேண்டும் என்று அவசரத்தில் தலையாட்டிவிட்டால் காலை உணவு போய்விடும். அக்கோரின் 'ஆல்' (ALL) திட்டத்தில் டைமண்ட் உறுப்பினருக்கு வார இறுதியில் காலை உணவு இலவசம். ஆசிய பசிபிக் பகுதியில் அதற்குக் கீழே உள்ள பிளாட்டினத்துக்கே தினமும் உண்டு.

சரி, நிலை சரியாக இருந்தும் கிடைக்காமல் போவது எப்போது? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பிளாட்டினம் நிலை வந்த வருடம் அது. அலுவலகத்தில் எனக்கு அறை போட்டவர்கள் ஒரு பயண முன்பதிவுத் தளம் வழியாகப் போட்டிருந்தார்கள். மூன்று இரவு. ரிசப்ஷனில் இருந்த பெண் என் உறுப்பினர் எண்ணைப் பார்த்துவிட்டு, 'சார், உங்கள் நிலை சரிதான். ஆனால் இந்த புக்கிங் எங்களுக்கு வெளித்தளத்தில் இருந்து வந்திருக்கிறது. இதற்கு உறுப்பினர் சலுகை எதுவும் வராது' என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. காலை உணவு மட்டும் போகவில்லை. அந்த மூன்று இரவும் என் வருடக் கணக்கில் ஏறவில்லை, புள்ளிகளும் வரவில்லை.

அன்று கோபம் வந்தது. பிறகு யோசித்தால் காரணம் தெளிவாகவே இருக்கிறது. வெளித்தளத்தில் அறை விற்றால் ஹோட்டல் கமிஷன் கொடுக்க வேண்டும். அந்தக் கமிஷனை மிச்சப்படுத்த, வாடிக்கையாளரைத் தன் சொந்த இணையதளத்துக்கும் ஆப்புக்கும் இழுக்கத்தான் பெரிதும் இந்த லாயல்டி திட்டங்களே இருக்கின்றன. நேரடியாகப் பதிவு செய்தவருக்குத்தான் பரிசு. அலுவலகம் பதிவு செய்வதானால் ஹோட்டலின் கார்ப்பரேட் ரேட்டில், அதாவது நிறுவனங்களுக்கென்று ஹோட்டல் தரும் வாடகையில், உங்கள் உறுப்பினர் எண்ணைப் போட்டுச் செய்யச் சொல்லுங்கள். பொதுவாக அதற்குச் சலுகை வரும். அந்தப் பயணத்துக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் பேசி அப்படித்தான் மாற்றிக்கொண்டேன்.

புள்ளிகளைக் கொடுத்துத் தங்கும் இலவச இரவுக்குச் சலுகை வராது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஹில்டன், மேரியட், ஹயாத் மூன்றிலும் புள்ளிகளில் தங்கினாலும் உங்கள் நிலைக்கு உரிய காலை உணவு உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், இதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர் என்று நினைக்கிறேன். வாசலில் பெரிய பிராண்டின் பெயர் இருந்தாலும், கட்டடம் பெரும்பாலும் வேறொரு முதலாளிக்குச் சொந்தம். பிராண்டு நிறுவனம் உறுப்பினருக்கு வாக்குறுதி கொடுக்கிறது. முட்டையும் ரொட்டியும் பழமும் வாங்கிச் சமைத்துப் பரிமாறும் செலவு பெரும்பாலும் அந்த முதலாளியின் கணக்கில் விழுகிறது. வாக்குறுதி கொடுப்பவர் ஒருவர், செலவு செய்பவர் இன்னொருவர். அதனால்தான் ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒவ்வொரு விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். மேரியட் குடும்பத்திலேயே ரிட்ஸ்-கார்ல்ட்டனில் பிளாட்டினம் உறுப்பினருக்குக் காலை உணவு கிடையாது. ரிசார்ட்டில் ஒரு விதி, நகர ஹோட்டலில் வேறு விதி. ஹில்டன் 2021 ஜூலையில் அமெரிக்க ஹோட்டல்களில் உறுப்பினருக்கான இலவச காலை உணவையே எடுத்துவிட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று சாப்பாட்டுக்கும் பானத்துக்கும் ஒரு தொகை தரும் முறையைக் கொண்டுவந்தது. பதிவான இரண்டு பேருக்கு வரைதான். தொகை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். காலையில்தான் செலவழிக்க வேண்டும் என்பதில்லை, இரவு உணவுக்கும் பயன்படுத்தலாம், அது வசதிதான். ஆனால் முழு காலை உணவின் விலையை அந்தத் தொகை பல இடங்களில் எட்டாது. மீதி உங்கள் பில்லில் ஏறும்.

ரிசப்ஷனில் இருப்பவர் இந்த விதிகளில் எதையும் எழுதியவர் இல்லை. அவரிடம் குரலை உயர்த்துவதில் ஒரு பயனும் இல்லை, அது தவறும்கூட.

அடுத்தது ஆட்கணக்கு. இதில் எனக்கு ஏற்பட்ட வலி இன்னும் மறக்கவில்லை. ஒருமுறை மனைவியையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். ஒரே அறை, கூடுதல் கட்டில் போட்டுக்கொண்டோம். மூன்று பேரும் இரண்டு நாள் நிம்மதியாகக் காலை உணவு சாப்பிட்டோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது பில்லில் இரண்டு காலை உணவுக்குக் காசு போட்டிருந்தார்கள். சலுகை உறுப்பினருக்கும் உடன் தங்கும் ஒருவருக்கும்தான், மூன்றாமவருக்குக் கட்டணம். விதிப்படி சரி. பக்கத்தில் நின்ற அம்மா அதைக் கேட்டுவிட்டு, 'நான் சாப்பிட்டதுக்கா? முதல்லயே தெரிஞ்சிருந்தா ரூம்லயே ஏதாவது சாப்பிட்டிருப்பேனே' என்றார். பணம் பெரிதில்லை. அவர் முகம் வாடியதுதான் தாங்கவில்லை. முதல் நாளே நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தால், மகிழ்ச்சியாகப் பணம் கட்டிச் சாப்பிட வைத்திருப்பேன். அவருக்கு அது தெரியவே தெரிந்திருக்காது.

அதிலிருந்து புக்கிங் போடும்போதே எத்தனை பெரியவர்கள், எத்தனை குழந்தைகள் என்று சரியாகப் போட்டுவிடுவேன். ஒருவர் என்று பதிவு செய்துவிட்டு இரண்டு பேராகப் போய் நின்றால், இரண்டாமவரின் காலை உணவு கேள்விக்குறிதான். குழந்தைகளுக்கு எத்தனை வயது வரை இலவசம் என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் வேறுபடும், அதையும் கேளுங்கள். இரண்டு அறை எடுத்தால், சலுகை பெரும்பாலும் நீங்கள் தங்கும் அறைக்கு மட்டும்தான்.

'காலை உணவு' என்ற சொல்லுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. கான்டினென்டல் என்று எழுதியிருந்தால் ரொட்டி வகைகள், பழம், ஜூஸ், காபி அல்லது டீ, அவ்வளவுதான். முட்டை கேட்டால் தனிக் காசு கேட்கலாம். முழு காலை உணவு என்றால் சூடான பதார்த்தம் ஒன்றோ, முழு பஃபேயோ. விதியில் கான்டினென்டல் என்று இருந்தாலும் பல ஹோட்டல்கள் பெரிய மனதோடு முழு பஃபேக்கே அனுமதிக்கின்றன. லவுஞ்சில் தருகிறார்கள் என்றால் வகைகள் குறைவாக இருக்கும். ஆனால் கூட்டமும் சத்தமும் இருக்காது. எனக்கு லவுஞ்சுதான் பிடிக்கும்.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். புக்கிங் போடுவதற்கு முன் ஆப்பில் அந்தக் குறிப்பிட்ட ஹோட்டலின் பக்கத்தைப் பார்ப்பேன், திட்டத்தின் பொதுப் பக்கத்தை நம்ப மாட்டேன். செக்-இன் மேஜையில் ஒரே கேள்வி: 'எங்கள் அறைக்குக் காலை உணவு எத்தனை பேருக்கு, எங்கே, எத்தனை மணி வரை?' இதற்கு அவர்கள் சொல்லும் பதிலிலேயே எல்லாம் வந்துவிடும். கூப்பன் கொடுத்தால் பத்திரமாக வைத்துக்கொள்வேன். அறைக் கணக்கில் ஏற்றிவிட்டுப் பிறகு கழித்துக்கொள்வோம் என்றால், கிளம்புவதற்கு முந்தைய இரவே பில்லை ஒருமுறை பார்த்துவிடுவேன். காலையில் விமானத்துக்கு ஓடும்போது பார்க்க நேரம் இருக்காது. விடியற்காலையில் கிளம்ப வேண்டியிருந்தால் முந்தைய இரவே சொல்லிவைத்தால் பல ஹோட்டல்களில் காலை உணவைப் பெட்டியில் கட்டித் தருவார்கள். அன்பாகக் கேட்டால் மறுத்தவர்கள் மிகக் குறைவு.

சரி, இந்தச் சலுகைக்காகவே ஒரு திட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கலாமா? வேலைக்காக எப்படியும் 50, 60 இரவு தங்குபவர் என்றால், அந்த இரவுகளை நாலு நிறுவனங்களில் சிதறவிடாமல் ஒன்றில் குவியுங்கள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. வருடத்துக்கு எட்டு, பத்து இரவு தங்குபவர் என்றால் துரத்தாதீர்கள். அறை மட்டும் உள்ள ரேட்டையும் காலை உணவு சேர்ந்த ரேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உணவகத்தில் தனியாகச் சாப்பிடும் விலையைவிடப் பல நேரம் குறைவாகவே இருக்கும். அந்த ரேட்டை எடுத்துவிட்டால் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. உறுப்பினர் நிலையே தேவைப்படாத பிராண்டுகளும் இருக்கின்றன. ஹாம்ப்டன், ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ் போன்றவற்றில் தங்கும் எல்லோருக்கும் காலை உணவு பெரும்பாலும் அறை வாடகையிலேயே அடக்கம். குடும்பத்தோடு, அதுவும் வயதானவர்களோடு போகும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான்.

பெரிய ஹோட்டலில் எப்போதாவது ஒருமுறை தங்குபவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் கார்டு வைத்திருந்தால் அதன் ஃபைன் ஹோட்டல்ஸ் அண்ட் ரிசார்ட்ஸ் திட்டத்திலோ, இல்லையென்றால் வர்ச்சுவோசோ என்ற சொகுசுப் பயணக் கூட்டமைப்போடு இணைந்த பயண ஆலோசகர்கள் வழியாகவோ பதிவு செய்தால், ஒரு இரவுகூட அதற்கு முன் தங்கியிராதவருக்கும் இரண்டு பேருக்குத் தினமும் காலை உணவு சேர்ந்து வரும். வாடகையை மட்டும் ஹோட்டலின் சொந்தத் தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சில தேதிகளில் கூடுதலாக இருக்கும்.

கடைசியாக உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் திட்டத்தில் உங்கள் நிலைக்கு, அந்த பிராண்டுக்குக் காலை உணவு உண்டு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். புக்கிங் நேரடியானதுதானா என்றும் பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் விடாதீர்கள். பில்லின் நகல், புக்கிங் எண், அந்த விதி இருக்கும் பக்கத்தின் படம் மூன்றையும் சேர்த்து லாயல்டி திட்டத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். ஹோட்டலுக்கு எழுதுவதோடு நின்றுவிட வேண்டாம். எனக்கு ஒருமுறை இப்படித் தவறாக வாங்கிய தொகை முழுதும் இரண்டு வாரத்தில் கார்டுக்கே திரும்பி வந்தது. பில் கையில் இல்லை என்றால் ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், தங்கிய தேதியைச் சொன்னால் மறுபடி அனுப்பி வைப்பார்கள்.