முதுகு வலியாக வந்த மாட்டு நோய்

கேள்வி: பெரியவர்களுக்கு வரும் தொற்றுநோய், வழக்கமான அறிகுறி இல்லாமல் வேறு மாதிரி வந்து டாக்டர்களையே குழப்பியதைப் பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். நான் டாக்டர் இல்லை, அப்பாவின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன்.

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். இரண்டு கறவை மாடு, கொஞ்சம் தக்காளி. அப்பாவுக்கு அப்போது 56 வயது. இடுப்பு வலிக்கிறது என்றபோது, மண்டிக்குப் பெட்டி தூக்கிய வலி என்றுதான் நினைத்தோம். வலி மாத்திரையிலேயே இரண்டு மாதம் ஓடியது. அப்புறம் சாயந்திரமானால் காய்ச்சல், ராத்திரி பனியனைப் பிழிகிற அளவுக்கு வியர்வை. விடிந்தால் ஒன்றுமே நடக்காதது போல மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். மலேரியா இல்லை, டெங்கு இல்லை. விடால் பரிசோதனை லேசாக ஏறியிருந்ததால் டைபாய்டுக்கு ஒரு சுற்று மாத்திரை. ஏழு கிலோ இளைத்ததுதான் மிச்சம்.

எம்.ஆர்.ஐ.யில் இடுப்புப் பகுதி முதுகெலும்பில் தொற்று தெரிந்தது. “டி.பி. மாதிரி இருக்கு, மாத்திரை ஆரம்பிச்சிடலாம்” என்றார்கள். அதைத் தப்பு சொல்ல மாட்டேன். சாயந்திரக் காய்ச்சல், வியர்வை, இளைப்பு எல்லாம் டி.பி.க்கும் பொருந்துமே.

தர்மபுரியில் ஒரு பொது மருத்துவர் மட்டும் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு அப்பாவிடம், “மாடு ஏதாச்சும் கன்னு வீசுச்சுங்களா?” என்று கேட்டார். வீசியிருந்தது, ஏழு மாதச் சினை கலைந்துவிட்டது. விழாமல் நின்ற நஞ்சுக்கொடியை அப்பாதான் வெறுங்கையால் எடுத்துப்போட்டார். அடுத்து என்னை வெளியே அனுப்பிவிட்டு வேறு ஏதோ கேட்டார். ஒரு பக்கம் விதை வீங்கி வலித்ததை அப்பா மூன்று வாரமாக யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட.

புரூசெல்லோசிஸ். மாட்டுக்கு வந்தால் கன்று வீச்சு நோய் என்கிறோமே, அதேதான். மால்டா தீவில் படைவீரர்களைப் படுத்திய காய்ச்சல் இது. 1887இல் டேவிட் புரூஸ் கிருமியைப் பிடித்துவிட்டார், ஆனால் அது ஆட்டுப்பாலில் வருகிறது என்று தெரிய 1905 ஆகிவிட்டது. 18 வருடம்! எங்களுக்கு மூன்று மாதம்தான் போனது.

ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைப் பார்க்கும் அக்ளூட்டினேஷன் பரிசோதனையில் அளவு 1:640 வந்தது. 1:160 என்றாலே சந்தேகம் வலுக்குமாம். ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பிய சீட்டில் ‘புரூசெல்லா சந்தேகம்’ என்று டாக்டர் பெரிதாக எழுதினார். மெதுவாக வளரும் கிருமி, லேபில் அவசரப்பட்டு ‘வளரவில்லை’ என்று முடித்துவிடக் கூடாது. தெரியாமல் கையாண்டால் லேப் ஆட்களுக்கே தொற்றிவிடும் என்பது இன்னொரு காரணம்.

தொடக்கத்தில் ஊசி, கூடவே மூன்று மாதம் டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் அப்பா பயந்துவிட்டார், அது ரிஃபாம்பிசின் வேலை. இந்த ரிஃபாம்பிசின் டி.பி.க்கும் கொடுக்கிற மருந்துதான். முதலில் சொன்னபடி டி.பி. மாத்திரை ஆரம்பித்திருந்தால் அப்பா கொஞ்சம் தேறியிருப்பார், நாங்களும் டி.பி.தான் என்று நம்பியிருப்போம். அதை நினைத்தால்தான் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பால் கறப்பது அம்மா என்பதால் அவருக்கும் ரத்தம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. நமக்கு இதற்குத் தடுப்பூசி கிடையாது. கிடாரிக் கன்றுக்கு உண்டு, 4 முதல் 8 மாதத்துக்குள் போட வேண்டும். நாங்கள் விசாரித்தபோது எங்கள் கன்றுக்குப் பத்து மாதம் முடிந்திருந்தது.