கிட்டே போகப் போக மங்கும் குட்டிக் கடற்குதிரை

கேள்வி: எனக்கு வயது 52. தூரப் பார்வை நன்றாக இருக்கிறது. படிக்க மட்டும் +1.75 கண்ணாடி. இந்தோனேசியாவின் லெம்பே நீரிணையில் டைவ் செய்தபோது, கடல்விசிறியில் (விசிறி வடிவப் பவளம்) வழிகாட்டி காட்டிய குட்டிக் கடற்குதிரை எனக்கு வெறும் மங்கல் புள்ளி. கிட்டே போனால் இன்னும் மோசம். நீருக்குள் எல்லாம் பெரிதாகத் தெரியும் என்பார்களே?

மருத்துவர் பதில்: பெரிதாகத்தான் தெரியும். மாஸ்க்கின் தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உண்மைத் தூரத்தில் முக்கால் பங்கிலேயே இருப்பதாகவும் தோன்றும். சிக்கல் அந்த முக்கால் பங்கில் இருக்கிறது. 40 செ.மீ. தள்ளியுள்ள கடற்குதிரையை உங்கள் கண் 30 செ.மீ.யில் இருப்பதாகவே குவிக்க வேண்டும். முன்னதற்கு 2.5 டயாப்டர் (குவிக்கும் திறனின் அலகு, கண்ணாடி எண்ணும் இதில்தான்) போதும், பின்னதற்கு 3.3 வேண்டும். வெள்ளெழுத்து வந்த கண்ணில் லென்ஸ் இறுகிவிடுவதால் அந்தக் கூடுதலைத் தர முடியாது.

எனவே மாஸ்க்கின் உட்புறத்தில் +1.75 லென்ஸ் ஒட்டினால், 53 செ.மீ. தள்ளி நின்று பாருங்கள். கரையில் 40 செ.மீ.யில் தெரிவது போலவே தெரியும், கடல்விசிறியும் அடிபடாது. இரண்டு செ.மீ. உயிரைப் பார்க்க இது போதாது, இன்னும் நெருங்க வேண்டும் என்றால் +2.5 வாங்குங்கள். +3 வேண்டாம்: 44 செ.மீ.க்கு அப்பால் எல்லாம் மங்கும். சிலிண்டரில் மீதமுள்ள காற்றைக் காட்டும் மானியை ஒவ்வொரு முறையும் முகத்தருகே இழுக்க நேரும். கடற்குதிரையைத் தவறவிடலாம், அந்த எண்ணைத் தவறவிடக் கூடாது.

நீரால் ஒட்டும் மென்பிளாஸ்டிக் லென்ஸ்கள் +1.25 முதல் கிடைக்கின்றன. மாஸ்க்கை அணிந்து, புத்தகத்தைப் பார்க்கும்போது கண்மணி தாழும் இடத்தை வெளியே குறித்துக்கொள்ளுங்கள். உட்புறத்தைப் பற்பசையால் தேய்த்துக் கழுவி, மாஸ்க்கையும் லென்ஸையும் நீரில் மூழ்கவைத்தபடியே தட்டைப் பக்கத்தை ஒட்டி, குமிழிகளை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு இறங்குவதால்தான் மாஸ்க்கில் நீர் புகுந்ததும் லென்ஸ் நழுவுகிறது. பனிபடர்வுத் தடுப்புத் திரவத்தை ஒட்டும் இடத்தில் பூசாதீர்கள். அடிக்கடி டைவ் செய்பவரானால் உங்கள் எண்ணுக்கேற்ற கண்ணாடி லென்ஸையே மாஸ்க்கில் நிரந்தரமாகப் பதித்துக்கொள்வது மேல்.

டார்ச்சையும் சாதாரணமாக எண்ணாதீர்கள். மங்கிய ஒளியில் கண்மணி விரிகிறது. விரிந்தால் குவியும் ஆழம் (தெளிவாகத் தெரியும் தூர வரம்பு) குறைந்து வெள்ளெழுத்தின் தொல்லை கூடுகிறது. வெளிச்சம் கண்மணியைச் சுருக்கும். ஆழத்தில் மறைந்த சிவப்பையும் மீட்டுத் தரும். கடற்குதிரைக்கு இமை கிடையாது, ஆகவே ஒளியை நேரே அதன் முகத்தில் அடிக்காமல் பக்கவாட்டில் விடுங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் விருப்பமானால், ஒருநாள் பயன்படுத்தி எறியும் மென்லென்ஸ் மட்டும். கடைசி டைவ் முடிந்ததும் எறிந்துவிடுங்கள். நீர் பட்ட லென்ஸில் அகாந்தமீபா கிருமி தங்கினால் கருவிழியையே கெடுக்கும்.

கரையில் நல்ல வெளிச்சத்தில், கண்ணாடியோடும் சிற்றெழுத்து தெளியவில்லையா? விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தெரிகிறதா? அது கண்புரையாக இருக்கலாம். எந்த லென்ஸையும் ஒட்டும் முன் பரிசோதித்துக்கொள்ளுங்கள். புரை அறுவை செய்தால் கீறலின் இடத்தைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று மாதம் டைவ் கூடாது. விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால், அது முழுதும் கரைந்து மருத்துவர் அனுமதிக்கும்வரை நீரில் இறங்கவே கூடாது.