சீட்டுப் பணமும் பாவமன்னிப்பும்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் அண்மையில் ஒருவர் சாட்சி சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் ஏலச்சீட்டு நடத்தி, கட்டியவர்களின் பணத்தோடு ஊரைவிட்டுப் போனவர் அவர். இப்போது ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியிருக்கிறார். தம் பழைய பாவங்களையெல்லாம் கர்த்தர் சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிட்டார் என்று அவர் சொன்னபோது சபை முழுவதும் அல்லேலூயா என்றது. அந்தச் சீட்டில் சேமிப்பை இழந்த என் அத்தையும் அங்கே இருந்தார். பிறகு அத்தை பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, தேவன் மன்னித்துவிட்டதை மனிதர் கிளறக்கூடாது, மன்னிக்காமலிருப்பதே பாவம் என்று மூப்பர் ஒருவர் சொல்லிவிட்டார். கிறிஸ்தவம் இதைத்தான் போதிக்கிறதா?

ஜே.

அன்புள்ள ஜே.,

இல்லை. ஆனால் அவர்கள் சொன்னதில் பாதி சரி என்பதால்தான் மீதிப் பாதியின் பிழை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

மன்னிப்பு இலவசம் என்பது கிறிஸ்தவத்தின் மையம். சமுத்திரத்தின் ஆழம் என்ற சொல்லே மீகா தீர்க்கதரிசியுடையது. இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்வனுக்குக் களவைத் திருப்பிக் கொடுக்கக் கையோ காலமோ இருக்கவில்லை. ஆயினும் அன்றே பரதீசு அவனுக்கு வாக்களிக்கப்பட்டது. எனவே அந்த மனிதர் மன்னிக்கப்பட்டாரா என்று விசாரிக்க உங்களுக்கோ எனக்கோ உரிமையில்லை. கள்வனுக்கு இல்லாத கையும் காலமும் அவருக்கு இருக்கின்றன என்பதை மட்டும் நாம் பார்க்கலாம்.

பாவங்கள் சிவேரென்றிருந்தாலும் உறைந்த மழையைப்போல் வெண்மையாகும் என்ற ஏசாயா முதல் அதிகாரத்தின் பதினெட்டாம் வசனத்தைக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். நியாயத்தைத் தேடுங்கள், விதவையின் வழக்கை விசாரியுங்கள் என்று அதற்கு முந்தைய வசனம் கட்டளையிடுவதை அவ்வளவாகக் கேட்பதில்லை. லேவியராகமம் ஆறாம் அதிகாரம், பிறன் பொருளை வஞ்சித்து எடுத்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உடையவனிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிய பிறகே குற்றநிவாரண பலியைப் பற்றிப் பேசுகிறது. வரி வசூலிப்பவனான சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்ன பின்னரே, அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவிக்கிறார். திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடாதவனின் மனந்திரும்புதல் வெறும் நடிப்பு என்று ஐந்தாம் நூற்றாண்டில் மக்கெதோனியுஸ் என்ற அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் ஆயர் அகஸ்டின் கூறினார்.

இந்தக் கொள்கையை ஒருவர் முழுமையாக நடைமுறைப்படுத்த முயன்றால் என்ன ஆகும் என்பதற்குப் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸின் வாழ்க்கை சான்று. 1502-இல் கரீபியக் கடலிலுள்ள ஹிஸ்பானியோலா தீவுக்கு வந்த அந்த ஸ்பானியர், பிற குடியேறிகளைப் போலவே பழங்குடி மக்களைக் கட்டாய வேலைக்கு ஒதுக்கிப் பெற்றுச் செல்வம் சேர்த்தார். குருவான பின்னும் அதை விடவில்லை. 1511 டிசம்பரில் டொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த மொந்தேசினோஸ், இம்மக்களும் மனிதர்கள் அல்லவா என்று குடியேறிகளைப் பார்த்துப் பிரசங்க மேடையிலிருந்து கேட்டார். அந்தத் துறவற சபையைச் சேர்ந்த ஒருவர், ஆட்களை வைத்திருக்கும்வரை உமக்குப் பாவமன்னிப்பு வழங்க முடியாதென்று லாஸ் காசாஸிடமே மறுத்ததும் உண்டு. 1514-இல் கியூபாவில் பிரசங்கத்துக்காகச் சீராக்கின் ஞானம் (உங்கள் சபையின் வேதாகமத்தில் இந்நூல் இராது, கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் உண்டு) முப்பத்து நான்காம் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, ஏழையின் பொருளைக் காணிக்கையாகப் படைப்பவன் தந்தையின் கண்முன்னே மகனைக் கொல்பவனுக்கு ஒப்பாவான் என்ற வரி அவரை நிறுத்தியது. தம் ஆட்களை ஆளுநரிடம் ஒப்படைத்துவிட்டார். அவர்கள் வேறொரு எசமானிடம் போய் இன்னும் மோசமாக வதைபடுவார்கள் என்பதை அவர் அறிந்தே இருந்தார். ஆனால் தாமே ஆட்களை வைத்துக்கொண்டு அதை எதிர்த்துப் பிரசங்கிக்க முடியாது என்று கருதினார்.

பின்னாளில், இன்றைய மெக்சிகோவிலுள்ள சியாப்பா மறைமாவட்டத்தின் ஆயராக 1545-இல் அங்கு சென்று சேர்ந்தபோது, அடிமைகளை விடுவிக்காதவர்களுக்குப் பாவமன்னிப்பு இல்லை என்று உத்தரவிட, குடியேறிகள் கலகம் செய்தார்கள். குருக்களுக்கு அவர் வகுத்த பன்னிரண்டு விதிகள் 1552-இல் செவில் நகரில் அச்சாயின. மரணப் படுக்கையில் இருக்கும் குடியேறியின் பாவசங்கீர்த்தனத்தை (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதை) கேட்பதற்கு முன்னரே பத்திரம் எழுதுபவரை அழைத்து, அவனுடைய சொத்து முழுவதையும் இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரத்தைக் குருவுக்கு எழுதி வாங்க வேண்டும் என்கிறது அவற்றில் ஒன்று. கடுமைதான். ஆனால் பாதிக்கப்பட்டவன் வெளியே நிற்க, பாவியும் கடவுளும் மட்டும் உள்ளே பேசி முடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை அவ்விதி உடைத்தது. அவரும் குற்றமற்றவர் அல்லர்: பழங்குடிகளைக் காக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று 1516-இல் யோசனை சொன்னார், பிற்காலத்தில் அதற்காக வருந்தி, தம் அறியாமையும் நல்லெண்ணமும் தேவனின் நியாயத்தீர்ப்பில் தம்மைக் காக்குமா என்பது உறுதியில்லை என்று எழுதினார்.

இது கத்தோலிக்க வழக்கம், நமக்குக் கிருபையே போதும் என்று உங்கள் சபையில் யாராவது சொல்லக்கூடும். மன்னிப்பை விலைக்கு விற்பதை எதிர்த்து 1517-இல் எழுந்த, புராட்டஸ்டண்டு சபைகளின் முன்னோடியான லூத்தர், தம் தொண்ணூற்றைந்து கூற்றுகளில் முதலாவதாகவே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்றார். சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது மன்னிப்புக்குக் கட்டும் விலையாகாது; அது இன்னமும் உங்கள் அத்தையின் பணம், அவ்வளவே. ஞானஸ்நானத் தண்ணீரில் கடன் பத்திரம் கரைவதாக எந்தத் திருச்சபையின் விசுவாச அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

உங்கள் அத்தை மன்னிக்க வேண்டுமா? அந்த மனிதரிடம் வன்மம் வைக்காதிருக்கும்படி சுவிசேஷம் கேட்கிறது; பணத்தைக் கேட்காதே என்று அது எங்கும் சொல்லவில்லை, இரண்டையும் ஒருவர் ஒரே நாளில் செய்யலாம். மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தின் முறைப்படி முதலில் தனியாக அவரைச் சந்தித்துக் கேட்கட்டும். முழுத் தொகையும் அவர் கையில் இல்லையென்றால் மாதத் தவணைக்கு எழுதி வாங்கட்டும். மறுத்தால் ஓரிருவரைச் சாட்சியாக அழைத்துப் போக வேண்டும் என்கிறது அடுத்த வசனம். அப்போது அத்தையோடு எழுந்து போக வேண்டியவர் அந்த மூப்பர்.